விரல் முதலில் போகும் இடம்

தாம் யாங் காயல்கரை, ஹுவே
3 செப்டம்பர் 2023

மகள் தோவாவுக்கு,

இது நான் எழுதுவது. யாரும் எழுதித் தரவில்லை. உன் அத்தை இல்லை, பக்கத்து வீட்டு ஆசிரியை இல்லை. நான்தான், ஹோ தாங், வயது அறுபத்தெட்டு, உன் பா. உறையின் மேல் இருக்கிற முகவரியும் என் கைதான். உன் ஆபீஸ் தெருப் பெயர் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை எழுத ஒரு காலைப்பொழுது போயிற்று. நேற்று வந்த தபால்காரி வெறும் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யார் எழுத்து?" என்று கேட்டாள். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

எல்லைக்காவல் முகாமில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மே மாதம் சேர்ந்தேன். லெப்டினன்ட் வின் சொல்லித்தருகிறார். உன்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். நாங்கள் பதினொரு பேர், எல்லாரும் படகில் பிறந்தவர்கள், பள்ளிக்கூடத்தைத் தண்ணீரிலிருந்து மட்டும் பார்த்தவர்கள். என் பக்கத்தில் லோம் உட்காருகிறான். அவன் வாய் மாறவில்லை. "தாங் அண்ணே, நீ ஒரு எழுத்தை எழுதி முடிக்கிறதுக்குள்ள அதுக்கே நரைச்சிடும்போல இருக்கே" என்கிறான். அவன் வேகமாக எழுதுகிறான். எழுதியதை அவனாலேயே படிக்க முடியாது.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். சிமெண்ட் மூட்டையைப் படித்தேன். மாத்திரை அட்டையைப் படித்தேன். மூன்று வருடமாக நான் காலையில் போட்ட மாத்திரை ராத்திரி போட வேண்டியதாம். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கேள்வி. நீ அங்கே சைகோனில் என்ன வேலை செய்கிறாய்? லெப்டினன்ட் கேட்டார். "கம்ப்யூட்டர்ல" என்றேன். "கம்ப்யூட்டர்ல என்ன, துடைக்குதா?" என்றான் லோம். எல்லாரும் சிரித்தார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

போனில் அழைக்காதே, எழுது. போனில் "சரி பா, நல்லா இருக்கேன் பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஒரு வருடத்துக்கு மேலாக அதே இரண்டு பேச்சு. அதையே காகிதத்தில் எழுதினால், தபால்தலை ஒட்டியதற்காவது வெட்கப்பட்டு இன்னும் நாலு வரி சேர்ப்பாய்.

பா


சைகோன்
12 செப்டம்பர் 2023

அன்புள்ள பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலில் வைத்தே பிரித்தேன். காவலாளி, "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். அழுதிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் பா. ஒரு பக்கம் முழுக்க.

லோம் மாமாவிடம் சொல்லுங்கள், நான் துடைக்கவில்லை. ஜப்பானில் ஒரு தீவுப் படகு நிறுவனத்துக்கு நாங்கள் வேலை செய்கிறோம். படகுத்துறையில் ஒரு இயந்திரம் இருக்கும். பயணிகள் அதன் திரையைத் தொட்டு எந்தத் தீவு, எத்தனை பேர் என்று சொன்னால் டிக்கெட் வரும். அந்தத் திரையின் பின்னால் நடக்கிற எல்லாவற்றையும் எழுதுவது என் வேலை. எழுதுவது என்றால், அவர்கள் அனுப்புகிற விவரத்தாளில் உள்ளபடியே எழுதுவது. ஒரு புள்ளி நகரக்கூடாது. விவரத்தாளில் இல்லாதது ஏதாவது வந்தால் கேள்விப் பட்டியலில் எழுதிக் கேட்க வேண்டும். இந்த வருடம் நான் மட்டும் முந்நூற்று நாற்பது கேள்வி கேட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடம் வெள்ளைதானா என்று கேட்டேன். விளையாட்டுக்கு எழுதவில்லை பா, உண்மையாகவே கேட்டேன்.

நான் இப்படி இருந்தவள் இல்லை. சேர்ந்த புதிதில் ஒரு காரியம் செய்தேன். விவரத்தாளின்படி, பயணி 'பின்னால் போ' என்று தொட்டால் அதுவரை தேர்ந்தெடுத்தது எல்லாம் அழிந்துபோகும். கிழவர்கள் பாவம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் யாரையும் கேட்காமல், அழியாதபடி மாற்றி எழுதினேன். ஊருக்கு வந்தபோது உங்களிடம்கூடச் சொன்னேன், அப்போது உங்களுக்குப் புரியவில்லை. திரையும் விவரத்தாளும் ஒத்துப்போகவில்லை என்று ஜப்பானிலிருந்து புகார் வந்தது. ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து அவர்களுக்கு அத்தாட்சி அனுப்புவோம். இருநூற்றுப் பதினாலு படங்களையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. குழு முழுவதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தது. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று மட்டும் யாரும் பேசவில்லை.

அப்புறம் 'ஏன் தாள்' எழுதச் சொன்னார்கள். தவறு நடந்தால் எங்கள் வழக்கம் அது. ஏன் என்று ஐந்து தரம் கேட்டு, ஐந்து தரம் பதில் எழுத வேண்டும். ஏன் மாறியது? ஊழியர் மாற்றினார். ஏன் மாற்றினார்? பயணிகள் கஷ்டப்படுவார்கள் என்று நினைத்தார். ஏன் கேட்கவில்லை? சின்ன விஷயம் என்று எண்ணினார். ஏன் அப்படி எண்ணினார்? தெளிவாகத் தெரிந்ததாகத் தோன்றியது. ஏன் தோன்றியது? குழுத் தலைவர் குவாங் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பதிலைச் சொன்னார், நான் எழுதினேன்: 'தன் யோசனையை நம்பியதால்.' "அதான் வேர், புடிச்சிட்டோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை பா. நிம்மதியாகச் சொன்னார்.

அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் படித்துக் காட்டுகிறார்கள். முழுப் பெயர் கிடையாது, 'ஊழியர் தோ' என்றுதான் இருக்கும். படித்து முடித்ததும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். இதுவரை ஆறு தரம்.

இப்போது புதுச் சங்கடம். அந்த ஜப்பான்காரர்களே கேட்டிருக்கிறார்கள்: "அடுத்த திரையை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் ஏன் ஒன்றும் சொல்வதே இல்லை?" ஆளுக்கு ஒரு யோசனை கொடுக்கச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது. பதினாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அதைப் பார்க்கிறோம். என் மேசையில் இன்னொரு படிவமும் இருக்கிறது. சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம். அங்கே திரையையும் விவரத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால் போதும். யாரும் யோசனை கேட்கமாட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்து எதையும் எழுதியதும் இல்லை. அக்டோபர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை இரண்டு தரம் எடுத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். டிக்கெட் திரை. நம் மொழியில் எழுதி, மேலே ஒரு படகும் வரைந்திருக்கிறேன். அலுவலகத்தில் யாரிடமும் காட்டவில்லை. நீங்கள் இப்போதுதான் படிக்கக் கற்றவர், அதனால் உங்களைவிடச் சரியான ஆள் எனக்குக் கிடையாது. தாளை மேசையில் வைத்து, 'பெரிய தீவுக்கு இரண்டு டிக்கெட்' வாங்குவதாக நினைத்து விரலால் தொடுங்கள். உங்கள் வகுப்பிலும் காட்டுங்கள். எத்தனை பேர் சரியாகத் தொட்டார்கள் என்று எழுதுங்கள்.

தோவா


தாம் யாங் காயல்கரை
20 செப்டம்பர் 2023

மகள் தோவாவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் "அழுதிருக்கிறேன்" வரை. அங்கேயே நிறுத்தி மடித்து வைத்துவிட்டு மட்டிச் சோறு சாப்பிடப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

'ஏன் தாள்' எனக்குப் புரியவில்லை. ஒரே கேள்வியை ஐந்து தரம் கேட்டால் யாராக இருந்தாலும் குற்றவாளிதான்.

மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரிபார்ப்பது நல்ல வேலைதானே? லெப்டினன்ட் எங்கள் நோட்டைச் சரிபார்க்கிறார், அவருக்கு எவ்வளவு மரியாதை! உன்னைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் இல்லாத இடம் என்றால் அதுவே போதும். நான் உன் பெயரைச் சொல்லி, "என் மகளுக்குச் சரிபார்க்கிற பெரிய வேலை வரப்போகுது" என்று வகுப்பில் சொல்லியும்விட்டேன்.

படம் மிக அழகு. படகு அப்படியே மிதக்கிறது. வகுப்பு முடிந்ததும் மேசையில் விரித்து ஒவ்வொருவராக வரச் சொன்னேன். பதினொரு பேரும் சரியாகத் தொட்டார்கள். லோம்கூட. "உன் பொண்ணு வரைஞ்சதா? அப்ப அவ துடைக்கல" என்றான்.

பதினொன்றுக்குப் பதினொன்று. இதை இரண்டு தரம் எழுதுகிறேன், எழுத நன்றாக இருக்கிறது. பதினொன்றுக்குப் பதினொன்று.

பா


சைகோன்
28 செப்டம்பர் 2023

அன்புள்ள பாவுக்கு,

கையெழுத்துப் போடு என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு கடைசி வரியை மறுபடி படித்தேன். பதினொன்றுக்குப் பதினொன்று.

இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அவரவர் மேசைக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் உத்தரவு கேட்காமல் நாங்கள் செய்கிற ஒரே காரியம் அதுதான். நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் குவாங் அண்ணன் மேசைக்கடியில் குனிந்தேன். கண்ணில் துண்டு கட்டிப் படுத்திருந்தார்.

"அண்ணே, ஒரு யோசனை இருக்கு."

"தலைவலியா, தங்கச்சி? மாத்திரை மேல் டிராயர்ல இருக்கு."

"இல்லண்ணே. யோசனை. திரைக்கு."

துண்டைத் தூக்கிப் பார்த்தார். படத்தைக் காட்டினேன். படுத்தபடியே செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. முன்மாதிரி எங்க?"

அந்தப் படிவத்தில் கடைசிக் கட்டம் அதுதான் பா. 'இந்த யோசனை இதற்கு முன் எங்கே பயன்பட்டது?' அதை வெறுமையாக விடக்கூடாது. புது யோசனை வேண்டும், ஆனால் அது ஏற்கனவே எங்காவது நடந்திருக்கவும் வேண்டும். பதினாலு பேர் பேனாவும் அந்தக் கட்டத்தில்தான் நின்றிருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரன் தூ சென்ற மாதம் முழுக்க எதையோ வரைந்துகொண்டிருந்தான். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கிழித்துக் காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டான். "சும்மா கை அரிச்சுது, விடு" என்றான்.

நான் சொன்னேன், "எங்க காயல்கரையில பெரியவங்க பதினொரு பேர்கிட்ட சோதிச்சேன். பதினொரு பேரும் சரியாத் தொட்டாங்க."

குவாங் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலை மேசையில் இடித்தது. "எண் இருக்கா? அப்ப எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் உங்கள் வகுப்பின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. பதினாலு பேரில் படிவம் கொடுத்தது நான் ஒருத்திதான். அக்டோபர் பதினெட்டாம் தேதி ஜப்பான்காரர்கள் வீடியோவில் வருவார்கள், நான் பேச வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் எதையும் கேட்காமல் ஒரு முழு நாள் வேலை செய்தேன்.

உங்கள் பதினொரு பேருக்கும் என் வணக்கம்.

தோவா


தாம் யாங் காயல்கரை
6 அக்டோபர் 2023

மகளே,

இதைப் போனில் சொல்ல வேண்டும். அத்தையின் போனைக் கையில் எடுத்தேன். திரும்பக் கீழே வைத்துவிட்டேன். எழுத்தில் என் முகம் உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பதினொன்று இல்லை. நான்கு.

உன் படத்தை விரித்ததும் முதல் ஆளாக நான் தொட்டேன். படகைத் தொட்டேன். படகுக்குப் போகத்தானே டிக்கெட், அதனால். அது பட்டன் இல்லை, வெறும் படம் என்று பிறகு கீழே படித்தபோது தெரிந்தது. அடுத்து லோம் வந்தான், அவனும் படகு. மூதாட்டி தெயோவும் படகு. பதினொரு பேரில் ஏழு பேர் படகு. நான்கு பேர்தான் கீழே இருக்கிற 'டிக்கெட்' என்ற எழுத்தைத் தேடிப் போனார்கள். அதிலும் ஒருவர் லெப்டினன்ட்டின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்.

எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, அதனால் தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தப்பு எங்களுடையது, படம் அழகாக இருக்கிறது, மகளை ஏன் வருத்த வேண்டும்? "பதினொன்னுன்னு எழுது, பொண்ணு சந்தோசப்படும்" என்று லோமும் சொன்னான். அவனைச் சொல்லிப் பயன் இல்லை. எழுதியது என் கை.

உன் கடிதத்தில் அந்த எண்ணைப் படிவத்தில் எழுதினேன் என்று இருந்ததை விரல் வைத்து மூன்று தரம் படித்தேன். நான் எழுதக் கற்று ஐந்து மாதம். எழுதிய முதல் பொய் உன் ஆபீஸ் வரை போய்விட்டது.

மழை விடவில்லை. தபால்காரி படகில் வந்தால்தான் இது போகும். பதினெட்டுக்கு முன் வந்துவிடும் என்று சொன்னாள்.

பா


சைகோன்
14 அக்டோபர் 2023

பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. உறை நனைந்து, நடுவில் மை பரவியிருந்தது. 'நான்கு' மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஏன் பா?

இங்கே எனக்கு யாரும் மனதார நல்லா இருக்கிறது என்று சொன்னது கிடையாது. அது பழகிவிட்டது. பொய்யாக நல்லா இருக்கிறது என்று நீங்கள் சொன்னதுதான் தாங்கவில்லை. அதன் மேல் ஏறி நின்றுவிட்டேன். எல்லாரும் பார்க்க ஏறி நின்றேன்.

படிவம் ஜப்பானுக்குப் போய்விட்டது. எண் தவறு என்று இப்போது சொன்னால் இன்னொரு ஏன் தாள், இன்னொரு கோப்பு, இன்னும் பல தலைகள் திரும்பும். சொல்லாவிட்டால் அந்தத் திரை உண்மையிலேயே ஏதோ ஒரு படகுத்துறைக்குப் போகும், பத்தில் ஆறு கிழவர்கள் படகைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்காமல், பின்னால் வரிசையில் நிற்கிறவர்களிடம் வெட்கப்படுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். வந்த வழியும் மூடிவிட்டது.

மாற்றல் படிவத்தை நிரப்பிவிட்டேன். பெயர், எண், பிரிவு. கையெழுத்து மட்டும் பாக்கி. பதினெட்டாம் தேதிக்கு முன்பே போட்டுவிட்டால் பேச வேண்டியது இருக்காது, என் இடத்தில் வேறு யாராவது பேசுவார்கள் என்று தூ சொன்னான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

பதில் எழுத வேண்டாம்.

தோவா


தாம் யாங் காயல்கரை
19 அக்டோபர் 2023

மகளே,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் மெதுவாகப் படிக்கிறவன், அந்த வரிக்கு வருவதற்குள் தாளை எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று நீ பேசும் நாள். கூடத்தில் முழங்கால் தண்ணீர். கட்டில் மேல் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அத்தை போன் போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

வகுப்பில் நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று லெப்டினன்ட்டிடம் சொன்னேன். "ஏன் ஐயா?" என்றார். ஏன் என்ற வார்த்தையைக் கேட்டதும் பயமாக இருந்தது. உடனே கிளம்பி வந்துவிட்டேன்.

பா


சைகோன்
26 அக்டோபர் 2023

அன்புள்ள பாவுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி காலை மாற்றல் படிவத்தைக் கோப்பு உறையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. சுவர்த் திரையில் ஜப்பானிலிருந்து மூன்று பேர். நடுவில் திருமதி ஓனுகி, அறுபது வயது இருக்கும், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். எங்கள் பக்கம் குவாங் அண்ணன், மொழிபெயர்க்கும் அக்கா, நான். பின்னால் குழு முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

குவாங் அண்ணன் எண்ணைத்தான் முதலில் சொன்னார், பெருமையாக. பதினொன்றுக்குப் பதினொன்று. அங்கே மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பேனாக்கள் எழுதுவதைப் பார்த்தேன் பா. படகுத்துறை வரிசையில் வெட்கப்பட்டு நிற்கிற கிழவராக நீங்கள் என் கண் முன் தெரிந்தீர்கள்.

"அந்த எண் தப்பு" என்றேன்.

மொழிபெயர்க்கும் அக்கா மொழிபெயர்க்கவில்லை. குவாங் அண்ணனைப் பார்த்தாள். அவர் என் காதருகே, "தோவா, குடிக்கத் தண்ணி வேணுமா?" என்றார்.

"பதினொண்ணு இல்லண்ணே, நாலு. மத்த ஏழு பேரும் படகைத் தொட்டாங்க. எங்க பாவும்தான். அவருக்கு என்னை வருத்த மனசு வரல, அதனால மாத்தி எழுதிட்டாரு. சொல்லுங்க அக்கா."

அக்கா சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அங்கே பேனாக்கள் எல்லாம் கீழே வைக்கப்பட்டன. திருமதி ஓனுகி ஏதோ கேட்டார். "ஏழு பேரும் படகைத் தொட்டால், இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யோசிக்காமல், வாய் தானாகச் சொன்னது: "கேட்டுச் சொல்றேன்."

ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நாங்கள் எல்லாரும் சொல்வது அது. பின்னால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. திருமதி ஓனுகி மட்டும் காத்திருந்துவிட்டு மறுபடி கேட்டார்.

"யாரைக் கேட்பீர்கள்?"

குவாங் அண்ணனைக் கேட்பேன் என்று சொல்லலாம். அவர் ஜப்பானைக் கேட்பார். ஜப்பான்தான் எதிரே உட்கார்ந்து என்னைக் கேட்கிறது. அந்த அறையில் எனக்கு மேலே ஆளே இல்லை. திரும்பிப் பார்த்தேன். இதுவரை அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அன்றைக்கு நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். தூ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்க்கும் அக்கா இருமினாள்.

பிறகு சொன்னேன். "அவங்க விரலை மாத்த முடியாது. விரல் எங்க போகுதோ அங்க பட்டனைக் கொண்டு போவேன். படகையே பட்டனாக்கிடுவேன்." எழுந்துபோய், கையில் இருந்த படத்தில் கீழே இருந்த பட்டனைப் பேனாவால் அடித்துவிட்டு, படகைச் சுற்றிக் கட்டம் போட்டு, கேமராவின் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "மறுபடி சோதியுங்கள். அதே பதினொரு பேரிடம். எத்தனை பேர் சரி என்பது எனக்கு வேண்டாம், யார் எங்கே தொட்டார்கள் என்று அனுப்புங்கள்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது.

கதவு திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தவறான எண்ணுக்காக அன்று மாலையே ஏன் தாள் எழுத உட்கார்த்தினார்கள். எண் ஏன் தவறு? சொன்னவர் தவறாகச் சொன்னார். ஏன் தவறாகச் சொன்னார்? நான், 'அவர் என் பா' என்று எழுதினேன். குவாங் அண்ணன் அதைப் படித்துவிட்டு, பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டினார். "இதுக்கு மேல ஏன்னு கேக்க முடியாது" என்றார். மீதி மூன்று கட்டமும் வெறுமையாகவே கோப்பில் போயிற்று. ஆனாலும் போயிற்று. வரும் திங்கட்கிழமை புதியவர்களுக்கு இரண்டு தாளையும் படிப்பார்கள். மாற்றல் படிவம் இன்னும் என் உறையில்தான் இருக்கிறது. "இந்த மாசம் இல்லன்னா அடுத்த மாசம், அது எங்கயும் போயிடாது" என்று அவர் நல்ல மனதோடு சொன்னார். வெளியே போகும் நேரத்தில் தூ என் நாற்காலிப் பக்கம் வந்து நின்று, "ஒரு தாள் குடு, வெத்துத் தாள்" என்று வாங்கிப்போனான். என்ன வரைந்தான் என்று காட்டவில்லை.

வகுப்பை நிறுத்தக்கூடாது பா. நான் கெஞ்சவில்லை, எனக்கு ஆள் வேண்டும். புதுப் படம் பதினொரு பிரதி இத்துடன் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. அவர்கள் விரல் முதலில் எங்கே போகிறதோ அங்கே நீங்கள் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். யோசித்துத் தொட விடாதீர்கள். யாருக்கும் சொல்லித்தராதீர்கள். என் மனசு நோகும் என்று ஒரு குறியைக்கூட நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் எனக்குத் தெரிந்துவிடும், இப்போது உங்கள் கை எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

தோவா


தாம் யாங் காயல்கரை
3 நவம்பர் 2023

மகள் தோவாவுக்கு,

தண்ணீர் வடிந்தது. வகுப்புக்குப் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "வந்துட்டாருப்பா தபால் இலாகா" என்றான் லோம்.

பதினொரு தாளும் இத்துடன் வருகிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் பெயர் எழுதியிருக்கிறேன். பதினொரு பெயர் எழுத மூன்று நாள் ஆயிற்று. எல்லாம் என் கை. குறியும் என் கை. ஒன்றையும் நகர்த்தவில்லை.

ஆறு பேர் படகைத் தொட்டார்கள், நீ இப்போது அதைப் பட்டனாக்கியிருப்பதால் அது சரி. நான் தப்பு. போன தரம் படகு தப்பாகிவிட்டதே என்று இந்தத் தரம் கவனமாகக் கீழே, பழைய பட்டன் இருந்த இடத்துக்குப் போய்விட்டேன். யோசிக்காதே என்று எழுதியிருந்தாய், நான் யோசித்துவிட்டேன். தாளில் என் குறி கீழே இருக்கிறது, பார்த்துக்கொள். என்னோடு இன்னும் இரண்டு பேர் அப்படியே. லோம் தீவின் பெயரைத் தொட்டான். "டிக்கெட் எதுக்கு? எனக்குத் தீவுதான வேணும்" என்றான். அவனோடு சண்டை போடவில்லை, குறியை மட்டும் போட்டேன்.

மூதாட்டி தெயோவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். தாளை அவள் முன்னால் வைத்தேன். படகைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். விரலைத் தூக்கி, தாளுக்கு வெளியே, வெறும் மேசையில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ சொல்லக்கூடாது என்றாய். லெப்டினன்ட்தான் பொறுக்காமல், "அம்மா, அங்க ஒண்ணும் இல்லையே" என்றார். "டிக்கெட் குடுக்கிற பையன் இங்கதான உக்காந்திருப்பான்? அவன்கிட்ட சொல்றேன்" என்றாள்.

தாளில் குறி போட இடம் இல்லை. மேசையில் போட்டேன். லெப்டினன்ட் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேசையைத் தபாலில் அனுப்ப முடியாது, அதனால் அளந்து எழுதுகிறேன்: தாளின் வலது ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, கொஞ்சம் மேலே.

பா